சாப்ட்டாச்சு என்ற பதில்

என் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எல்லாம் புரியும். மலேசியாவில், எங்கள் தைப்பிங் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக் கொடுத்தே என் தலை நரைத்தது. யாராவது 'ஹலோ' என்றால் போதும், முந்தின நாள் அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொல்லிவிடுவேன். ஈப்போவில் இருப்பதாக மனைவியிடம் சொல்லிக்கொண்டே பக்கத்துத் தெருவிலிருந்து பேசிய கணவன்மார்கள் இந்த ஊரில் பாதிப் பேர். அத்தனை பேரும் இன்றும் என்னைச் சந்தையில் கண்டால் மீன் வாங்காமல் ஓடுவார்கள். பொய் எந்தக் குரலில் ஏறி வந்தாலும் என் காது பிடித்துவிடும்.

அதனால்தான் சோ லீன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அவளும் நானும் மாஜோங் என்கிற சீனக் கட்டை ஆட்டத்தில் கூட்டாளிகள். அவள் கணவர் பூன் தேக் பக்கவாதத்தில் விழுந்தபோது பேச்சும் போய்விட்டது. அதற்கு முன்பு அவர் வாயில் விழாத நூடுல்ஸ் கடைக்காரர் தைப்பிங்கில் கிடையாது. சூப்பை ஒரு வாய் வைப்பார், கிண்ணத்தைத் தள்ளுவார், "உப்பு" என்பார். அதற்கப்புறம் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுவார். அவர் தெருமுனையில் திரும்பினாலே நான்கு கடைக்காரர்கள் அடுப்பை அணைப்பார்கள் என்பது நான் கண்ணால் கண்டது. அப்பேர்ப்பட்டவர் இப்போது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டிய சோ லீனுக்கோ இரண்டு முழங்காலும் போய்விட்டன. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் அவரை ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். தப்பான இடத்தில் சேர்த்தால் வாய் திறந்து முறையிடக்கூட அவரால் முடியாது. அந்தப் பயத்தில் அவள் பாதியாகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளும் பாதியாகத்தான் இருந்தாள்.

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருக்கும் அவள் மகள் ஹுவீ ஷான் படம் பார்த்தே ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். நாங்கள் போய்ப் பார்த்து வந்தால் போதும் என்றாள். மாலை மாஜோங்குக்காக வாங்கிய ஒரு பை நிறைய பாவோடு நான் கிளம்பினேன். ஆவியில் வெந்து, உள்ளே தேங்காய்ப்பால் ஜாம் வைத்த சூடான பஞ்சு ரொட்டி. முப்பது வயது குறைந்திருந்தால் காரிலேயே முடித்திருப்பேன்.

அது இல்லமில்லை, அரண்மனை. தரையைப் பார்த்துப் பல்லில் கீரை ஒட்டியிருக்கிறதா என்று சரிபார்க்கலாம். மீன் தொட்டியில் மீன்கள்கூட வரிசையில் போயின. மேற்பார்வையாளர் மிஸ் ஃபூ இஸ்திரி போட்ட சிரிப்போடு வந்து எங்களைச் சுற்றிக் காட்டினாள். கூடத்தில் இருபது சக்கர நாற்காலிகள். எல்லாருக்கும் தலை வாரி, முகத்தில் பவுடர் பூசி, கால்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். வாடையே இல்லை. எந்த முதியோர் இல்லத்திலும் மூக்கைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பார்கள். என் மூக்கு போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது.

அடுத்து காதின் முறை. நான் ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து, நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்பதைக் கேட்டேன்.

"சாப்ட்டாச்சா?"

"சாப்ட்டாச்சு."

அடுத்தவர், "சாப்ட்டாச்சு." அதற்கடுத்தவரும் அதே. ஒரு குரலிலும் நடுக்கமில்லை, தயக்கமில்லை. என் காது ஒரு பொய்யைக்கூடப் பிடிக்கவில்லை. நூற்றுக்கு நூறு என்று சோ லீன் காதில் சொன்னேன். அவள் கண் கலங்கியது. மிஸ் ஃபூ சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து மூடியைக்கூடத் திறந்து கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. தைப்பிங் மழை, கேட்க வேண்டுமா. ஏரியைத் தூக்கி வானத்தில் வைத்துக் கவிழ்த்த மாதிரி. பின்கட்டில் கொடி முழுக்கப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. மிஸ் ஃபூவும் பணிப்பெண்களும் அலறியடித்து ஓடினார்கள். கூடத்தில் நாங்கள் இருவரும் அந்த இருபது பேரும்தான்.

சும்மா நிற்பானேன் என்று, எனக்கு எதிரிலிருந்த கிம் நியோ என்கிற அம்மாளுக்குப் பையிலிருந்து ஒரு பாவ் எடுத்துக் கொடுத்தேன். பேச்சுக்குத்தான் கொடுத்தேன். சாப்பிட்ட வயிறு, ஓரத்தில் கொஞ்சம் கிள்ளுவார் என்று நினைத்தேன்.

அவர் கிள்ளவில்லை. பாவ் இருந்தது, பிறகு இல்லை. அடியில் ஒட்டியிருந்த தாளையும் வாய்க்குள் தள்ளி மென்றார். நான் சிரித்தபடி தாளை எடுக்கக் கை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு அதை விழுங்கினார்.

என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"இப்பத்தானே சாப்ட்டாச்சுன்னு சொன்னீங்க?"

"நீ கேட்ட, நான் சொன்னேன்." அவர் விரலை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "வந்தவங்க கேட்டா 'இல்ல'ன்னு சொல்லுவாங்களாம்மா? எங்கம்மா என்னை அப்படியா வளத்தா?"

காலையில் என்ன என்று கேட்டேன். கஞ்சி. மத்தியானம்? காலையில் மிஞ்சிய கஞ்சியில் தண்ணீர். ராத்திரிக்கு என்ன என்று கேட்டேன்.

"ராத்திரியா? இங்க நாலு மணிக்கே ராத்திரிதான். படுக்க வெச்சுட்டுப் போயிருவாங்க. தூங்கறவனுக்கு எதுக்குச் சோறு."

நான் நிமிர்ந்தேன். அதற்குள் சக்கரங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன. சத்தமே இல்லை. மழைச் சத்தம் மட்டும். போர்வைகளுக்கு அடியிலிருந்து கைகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் மாஜோங் கட்டை அடுக்கும் குச்சி அளவுதான் இருந்தது. இதில் நான் மிகைப்படுத்தவில்லை, இந்த ஓர் இடத்தில் மட்டும். யாரும் கெஞ்சவில்லை. யாரும் 'குடு' என்று சொல்லவில்லை. மரியாதையாக நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் தாளை உரித்து, பாவைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டே போனேன். ஒரு கை, இன்னொரு கை. அடுத்து வந்த கையில் பச்சைக்கல் வளையல் இருந்தது. நான் பார்க்காமலே அதிலும் ஒரு துண்டை வைத்தேன். இரண்டு நாற்காலி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வளையலை எனக்குத் தெரியும். மாஜோங் மேசையில் எனக்கு எதிரே தினமும் கிணுகிணுக்கும் வளையல்.

திரும்பிப் பார்த்தேன். சோ லீன் சுவரோரமாகத் திரும்பி நின்று, கன்னம் புடைக்க மென்றுகொண்டிருந்தாள்.

இடி விழுந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு தூக்கிவாரிப் போட்டிருக்காது.

மிஸ் ஃபூ நனைந்த விரிப்புகளோடு உள்ளே வந்து, வெளிச்சாப்பாடு கொடுப்பது விதிக்கு விரோதம் என்று ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"சாப்ட்டாச்சா?"

"சாப்ட்டாச்சு ஆன்ட்டி." கேட்ட வேகத்தில் தானாக வந்தது பதில். உதட்டோரத்தில் கறிப்பஃப் பலகாரத்தின் தூள் ஒட்டியிருந்தது.

"இந்த வீட்டுலயே நெசமான பதில் உன்னோடதுதான்" என்றேன். பேனாவின் மூடியை மூடி அவள் கையிலேயே வைத்துவிட்டு, சோ லீனை இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன்.

காரில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தேன். ஆயுள் முழுக்க இணைப்புக் கொடுத்தவளுக்கு எந்தக் கதவை எந்த எண்ணில் தட்டுவது என்று சொல்லித்தர வேண்டுமா. நலத்துறையில் ஆரம்பித்தேன், எங்கே முடித்தேன் என்று நினைவில்லை. அன்று மாலையே அதிகாரிகள் வந்தார்களாம். கூடவே தீயணைப்பு வண்டியும் வந்தது என்று கேள்வி. அந்த இருபது பேரும் வேறு வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள், இல்லத்தின் பெயர்ப்பலகை இறங்கியது.

போனை வைத்துவிட்டு சோ லீனைக் கேட்டேன். அவள் வைப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. கஷ்டப்பட்டு நின்று ஆக்குவது அவர் ஒருவருக்குத்தான் போதும். அவளுக்கு பிஸ்கட்டும் கலக்கிக் குடிக்கிற மைலோவும்.

"எத்தனை நாளாடி?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ."

"நான் தினமும் ராத்திரி போன் பண்ணிக் கேட்கிறேனேடி. சாப்ட்டாச்சுங்கறியே."

"நீயும் கேட்ட, நானும் சொன்னேன்" என்றாள் சோ லீன்.

என் காதைக் கழற்றிச் சந்தையில் விற்றுவிடலாம் போலிருந்தது. ஊரையே பிடித்த காது அது. தினமும் அதற்குள் வந்து விழுந்த ஒரு சொல்லில் பொய்யைத் தேடியிருக்கிறது, பசியைத் தேடவில்லை.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன். எந்த இல்லத்துக்குப் போனாலும், "இன்னிக்கு என்ன போட்டாங்க?" மரியாதைக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி. பல இடங்களில் பெரியவர்கள் விழித்தார்கள். சில இடங்களில் பணிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்கள். வந்த வழியே திரும்பினோம்.

கடைசியாக மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் இடம். வாசலிலேயே கோழி ஒன்று எங்களை விசாரித்தது. உள்ளே வெள்ளைப்பூண்டு வாசனை, காயவைத்த துணி, ஒரே சமயத்தில் இரண்டு தொலைக்காட்சி. சோ லீன் மூக்கை மூடிக்கொண்டாள். போனில் படம் பார்த்த ஹுவீ ஷான் பெர்த்திலிருந்தே வீறிட்டாள். நான் கேள்வியைக் கேட்டதுதான் தாமதம்.

மீனில் முள் என்றார் ஒருவர். நேற்று டோஃபு நன்றாயிருந்தது, இன்று ரப்பர் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சமையல்காரியைக் கடலில் தள்ள வேண்டும் என்றார். சமையல்காரியும் முதலாளியுமான ஆ லான் உள்ளேயிருந்தே கத்தினாள்: "மூணு கிண்ணம் சாப்ட்டுட்டு பேசறதைப் பாரு கெழவன். நாளைக்குக் குடுக்கறேன் உனக்கு ரப்பரு."

எனக்கு ஆனந்தத்தில் நடனமாட வேண்டும் போலிருந்தது. சோ லீன் என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்த்தாள்.

"இங்கயா? இந்தக் கோழிக்கூண்டுலயா அவரை விடச் சொல்ற?"

"எல்லாரும் திட்டறாங்கடி. வயிறு நெறஞ்சவன்தான் ருசி பாத்துத் திட்டுவான்."

அவள் நம்பவில்லை. ஒரு நாள் மட்டும் பார்க்கலாம் என்று பூன் தேக்கைக் கூட்டி வந்தோம். பிடிக்காவிட்டால் அறுவை சிகிச்சையே வேண்டாம், தவழ்ந்தாவது வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சொன்னால் செய்வாள், அதுதான் எனக்குப் பயம்.

மத்தியானம் ஆ லான் மேசையில் சூப்பை வைத்தாள். சோ லீன் ஒரு கரண்டி எடுத்து ஊதி அவர் வாயில் வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி விழுங்கினார். அவர் நெற்றி சுருங்கியது. நல்ல கை மெதுவாக எழுந்து கிண்ணத்தைத் தள்ளியது.

"உப்பு" என்றார் பூன் தேக்.

சோ லீன் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. இரண்டு தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இந்தக் காதுக்கு.

ஆ லான் அகப்பையோடு வெளியே வந்தாள். "யாரு சொன்னது?" மேசை முழுக்க எல்லா விரலும் ஒன்றாகப் பூன் தேக்கைக் காட்டின. அவள் அவர் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க பாப்போம்."

அவர் சொன்னார். முன்னைவிடத் தெளிவாக, கோபமாக.

சோ லீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தள்ளிய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"ஆமா, உப்புதான்" என்றாள். பிறகு கிண்ணத்தைத் தூக்கி, அடிவரைக்கும் குடித்து முடித்தாள்.