மூன்றாவது கியர்

"வேட்டியோட நாலு முனையையும் சேத்துப் பிடிலே. அப்படியே தூக்கித் தொழுவத்துல போட்டுருவோம்" என்று தனுஷ்கோடி குனிந்தபோதுதான் சண்முகத்தாய் வாயைத் திறந்தாள்.

"தொடாதிய."

சேதி வந்ததிலிருந்து அழாமல், பேசாமல், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தவள். மதினிக்குக் குரல் வந்ததே போதும் என்று தனுஷ்கோடி கையை எடுத்துவிட்டான். செத்துப்போன சௌந்தரபாண்டியனின் ஒரே தம்பி அவன்.

வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் விரித்த பழைய வேட்டியில் அவர் காரின் கியர் பாக்ஸ் துண்டுதுண்டாகக் கிடந்தது. ஆனிக் காற்றில் முற்றத்தில் வைத்தால் மண் விழும் என்று சௌந்தரபாண்டியன் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பிரித்திருந்தார். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தால் அதோடுதான் குடித்தனம். கழற்றிய வரிசை மாறாமல் இடமிருந்து வலமாக அடுக்கியிருந்தார். "வரிசை தப்புச்சுன்னா இது கியர் பாக்ஸ் இல்ல தாயி, பழைய இரும்பு" என்பார்.

"மதினி, வேன் வாசல்ல நிக்கி. அண்ணனத் தெக்க தலவச்சுக் கெடத்தணும். இத எடுக்காம எங்க கெடத்த?"

"நான் எடுக்கேன்."

எடுத்தாள், ஒவ்வொன்றாக. பெரிய பல்சக்கரத்தை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளறைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து அடுத்ததை எடுத்தாள். கிரீஸ் கிண்ணத்தில் கிடந்த ஊசி உருளைகளைச் சிந்தாமல் கொண்டுபோனாள். வாசலில் வேனுக்குள் பிணம் காத்துக் கிடந்தது. "புத்தி பேதலிச்சுப்போச்சு" என்றாள் ஒருத்தி. "இரும்புமேல இருக்க பாசம் புருசன்மேல இல்லயே" என்றாள் இன்னொருத்தி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சண்முகத்தாயின் காதில் எதுவும் ஏறவில்லை.

பக்கத்து வீட்டு ஜயலக்ஷ்மி ஒத்தாசையாக உள்ளே போய், கட்டிலில் நடுவே இடைவெளி விட்டிருந்ததைப் பார்த்துத் துண்டுகளை நெருக்கி வைத்தாள்.

"அத விட்டு வையிக்கா. அங்க ஒண்ணு வரணும்."

அங்கே வரவேண்டியது கியரைத் தள்ளிப் பிடிக்கும் கவட்டை. ஃபோர்க் என்பார் அவர். அது தேய்ந்துபோனதால்தான் இத்தனை பாடும். வண்டி இறக்கத்தில் போகையில் மூன்றாவது கியர் தானாகக் கழன்று விழுந்துவிடும். முன்னால் ஒரே நீள சீட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழேயே கியர் கம்பி. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பியை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வது சண்முகத்தாயின் வேலை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைப் பார்க்கப் போகிற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கியர் மாற்றும்போது அவர் கை வந்து அவள் கைமேல் விழும். "புருசனும் பொண்டாட்டியும் சேந்துல்லா வண்டி ஓட்டுதாக" என்று தெருவே சிரிக்கும்.

ஊருக்கு முன்னால் புருஷன் கையைத் தொட அவளுக்கு வாய்த்த ஒரே சாக்கு அது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. போன வருஷம் முழுக்க, "அந்த ஃபோர்க்கு எங்கயும் கெடைக்கலையாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இந்தச் சித்திரையில் அவள் மணிக்கட்டு வீங்கியது. ஆனி பிறந்ததும் திடீரென்று வண்டியைப் பிரித்துவிட்டார். "ஆடிப்பூரத்துக்கு நீ கையக் கட்டிட்டு வேடிக்கை பாத்துட்டே வரலாம்" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. நம் கை இனி வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

இன்று காலையில் அவள் மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிட்டு, தேய்ந்த ஃபோர்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், மெக்கானிக் அய்யூப்பின் பட்டறை வாசலில், பேசிக்கொண்டிருந்தபடியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன்பே உயிர் போய்விட்டது. அய்யூப்தான் வேன் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தான்.

தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டும்போது விரலிடுக்குக் கருப்பு சீயக்காய்க்குப் போகவில்லை. சண்முகத்தாய் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து வந்து விரல் விரலாகத் துடைத்தாள். தினமும் சாயங்காலம் செய்கிற வேலைதான். கியர் மாற்றுகிற இடது கைப் பெருவிரலுக்கு வந்தபோது உடைந்து அழுதாள். அதற்குப் பிறகு யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

பொழுது சாயுமுன் எடுத்தார்கள். பெண்கள் வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். கட்டில்மேல் இருந்ததால் இரும்பில் ஒரு சொட்டும் படவில்லை. தலைமுழுகிவிட்டு வந்து அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துத் திரும்பினார்கள். அய்யூப்பும் அவர்களோடு குளித்து ஈரத்தலையோடு வந்து நடையில் நின்றான்.

"மதினி, வண்டிய நான் மாட்டித் தாரேன். இந்தாங்க, புது ஃபோர்க்கு."

"இன்னைக்குத்தான் கெடச்சுதா தம்பி?"

அய்யூப் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன வருசமே வாங்கி வச்சிட்டேன் மதினி. எம்புட்டோ தடவ சொன்னேன். 'இருக்கட்டும் அய்யூப், மாத்திட்டா அவ பின்சீட்டுக்குப் போயிருவா'ன்னு சிரிப்பாரு. இன்னைக்கு வந்து, 'குடுத்துரு, அவ கை வீங்கிக் கெடக்கு'ன்னாரு. அவ்வளவுதான், அப்படியே..."

வாசலில் தனுஷ்கோடி யாரிடமோ மறுநாள் காரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"பழசு எங்க?" என்றாள் சண்முகத்தாய்.

அய்யூப் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஒரு பக்கம் நகக்கண் அளவு தேய்ந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்து, கட்டிலில் விட்டிருந்த இடைவெளியில் வைத்தாள். கொஞ்சம் கோணலாக இருந்ததை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப புதுசு, மதினி?"

"இருக்கட்டும் அய்யூப்" என்றாள்.

அவன் அதைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டான். அவள் எழுந்து, காற்றில் மண் விழாமல் ஜன்னலைச் சாத்தினாள்.