கட்டவுட்டை இழுத்துப் பிடித்த கம்பி

கட்டவுட்டை நிமிர்த்தி, கம்பி இழுத்துக் கட்டிவிட்டு நான் சாரத்திலிருந்து இறங்கியபோது, மைதானத்தின் அந்தக் கோடியில் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார். இந்தக் கோடியில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஹெலிகாப்டர் நின்றது. எண்பத்தொன்பது எலெக்‌ஷன். கரையான்சாவடிக்குப் பின்னால் இருந்த மைதானம்.

காலையில் அதிகாரிகள் வந்து டேப்பு பிடித்து அளந்து, சுற்றிலும் ஒரு கம்பம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹெலிகாப்டர் இறங்குகிற வரைக்கும் வட்டச் செயலாளர் கஜபதி கைகட்டி நின்றான். கூட்டம் மேடைப் பக்கம் ஓடினதும், படுக்கப் போட்டிருந்த தலைவரின் நாற்பதடி கட்டவுட்டை எழுப்பச் சொன்னான். ஹெலிகாப்டர் மூக்குக்கு நேர் எதிரே.

"தலீவரு மேல போவசொல்ல தம் மூஞ்சிய பாத்துகினே போவணும் நைனா. அப்பால சீட்டு எனுக்குத்தான்."

"பைலட்டாண்ட கேட்டியா?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு."

கேட்டிருக்க மாட்டான். அவன் வாயிலிருந்து வந்த எதையும் நான் நம்பினதில்லை. இருந்தும் கட்டினேன். நான் கட்டாவிட்டால் அவன் ஆட்கள் கட்டி, அது எவன் தலையிலாவது விழும். இதைச் சாக்கு என்றால் சாக்குதான்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு கூட்டம். ஹெலிகாப்டர் ஆள் உயரம் எழும்பினதும் தோரணக் கயிறு ஒன்று பறந்துபோய் வால் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. வண்டி பம்பரம் மாதிரி சுற்றி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பைலட்டுக்கு முட்டிக்குக் கீழே கால் போச்சு. யார் கட்டின கயிறு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கட்டினது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பைலட்டிடம் நானே சொல்லலாம் என்று போனேன். போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"அம்மாம்பெரிய கட்டவுட்டு அவுரு கண்ணுக்குத் தெரியாதா? போ பெர்சு."

கட்டவுட் தெரியும். தெரிந்து ஒதுங்குவான். ஒதுங்குகிற பக்கத்தில்தான் பனைமரத்துக்கு இழுத்துக் கட்டின கம்பி. சுண்டு விரல் பருமன்கூட இல்லை. புழுதி கிளம்பினால் கட்டின எனக்கே தெரியாது.

பேச்சு முடிந்தது. தலைவர் ஏறி உட்கார்ந்தார். காற்றாடி சுற்றத் தொடங்கியது. நான் கட்டிங் பிளேயரோடு ஓடினேன். கஜபதி குறுக்கே வந்தான்.

"டேய் முனியா, இன்னாடா பண்றே! தலீவருடா அது!"

"உள்ள குந்திகினு கீறாரே, அவருதாண்டா தலீவரு. இது பலவ. தள்ளு."

எந்தக் கம்பியை அறுத்தால் எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும். பனைமரத்துக் கம்பியை அறுத்தேன். அடுத்து முன்கம்பி. ஹெலிகாப்டர் காற்றே மீதியைப் பார்த்துக்கொண்டது. தலைவர் கும்பிட்ட கையோடு பின்பக்கம் காலி வயலில் மல்லாந்தார்.

கன்னத்தில் முதல் அடி விழுந்தது. யார் அடித்தது என்று பார்க்கவில்லை. கஜபதி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அடுத்த அடிக்குக் கையை ஓங்கினான். அப்போது சத்தம் எங்கள் தலைக்கு மேலே வந்தது. நேராக வரவில்லை. பனைமரத்துப் பக்கம் சாய்ந்து வந்தது. எங்கள் ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் தலையைப் பொத்திக் குந்தினார்கள். அதன் வயிற்றில் இருந்த எண்ணெய்க் கறைகூடத் தெரிந்தது.

போய்விட்டது. கஜபதி சட்டையை விடவில்லை. ஓங்கின கையும் இறங்கவில்லை. அவன் கண் மட்டும் பனைமரத்தில் நான் கம்பி சுற்றியிருந்த இடத்துக்கும், ஹெலிகாப்டர் போன வானத்துக்குமாகப் போய்ப் போய் வந்தது.