மூன்று முறை எடை பார்த்த குழந்தை

ஒரே காலையில் மூன்றாம் முறையாக அந்தக் குழந்தையைத் தராசில் ஏற்றினார்கள். மருத்துவமனைக்கு ஒரு எடை, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, அறக்கட்டளைக்கு ஒன்று. மூன்றும் கூட்டுச் சேர்ந்து, ஏழைக் குழந்தைகளுக்குப் பல், கண், காது எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வைத்தியம் பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தன. கூட்டுச் சேர்ந்தார்களே தவிர, அடுத்தவர் தராசை நம்பும் அளவுக்கு யாருக்கும் மனசு விரியவில்லை.

திட்டத்தை மதிப்பிடும் படிவங்களை நிரப்புவது ஒரு நர்ஸின் வேலை. அவள் எதிரே வந்து உட்கார்ந்தவள் ஆடை ஆலையில் தைப்பவள். மடியில் தராசில் ஏறிய அதே குழந்தை, அவளுடைய நாலு வயது மகள், இடது காதில் பஞ்சு.

“சேவை திருப்தியா இருக்காம்மா?”

“காதுல சீழ் வடியுதுன்னு மூணு மாசமா வர்றேன். எடைதான் போடுறீங்க. காதை யாரு பாப்பாங்க?”

நர்ஸ் பழைய படிவத்தைப் புரட்டினாள். ‘காதுப் பரிசோதனை: முடிந்தது.’ அவள் கையெழுத்தேதான். அறிக்கை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்றார் திட்ட இயக்குநர், எழுதிவிட்டாள். இப்போது முகம் சுண்டிப்போயிற்று.

காது டாக்டர் கூட்ட அறையில் இருந்தார். பெயர்ப்பலகையில் யார் சின்னம் முதலில் வருவது என்று ஒரு மணி நேரமாக அங்கே மல்லுக்கட்டு. நர்ஸ் படிவத்தைக் கையில் எடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயோடு உள்ளே நுழைந்தாள்.

“முக்கியமான கூட்டம் நடக்குது, தெரியலையா?” என்று இயக்குநர் சீறினார்.

“இவளுக்காகத்தானே சார் கூட்டம்? டாக்டர், இந்தக் காதைக் கொஞ்சம் பாருங்க.”

டாக்டர் வேண்டாவெறுப்பாக விளக்கை எடுத்துப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. “செவிப்பறை பாதிக்குமேல அரிச்சுப்போச்சு. இந்தப் பக்கம் சரியாக் கேக்காது. ஆபரேஷன்தான் பண்ணணும். முதல்லயே பாத்திருந்தா மருந்துலயே ஆறியிருக்கும்.”

“கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, திமிருன்னு அடிச்சேனே!” என்று தாய் உடைந்துபோனாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “இதெல்லாம் அறிக்கையில வர வேணாம்.”

நர்ஸ் அவர் கண்ணெதிரிலேயே படிவத்தில் ‘முடிந்தது’ என்பதைக் கோடு போட்டு அடித்தாள். ‘யாரும் பார்க்கவில்லை. பொய் எழுதியவள் நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“எல்லாரும் கைகோத்து நின்னா ஃபோட்டோ நல்லா விழும் சார். ஆனா குழந்தையைத் தொட்டுப் பாக்க ஒரு கையாவது காலியா இருக்கணும். இல்லேன்னா இதுக்குப் பேர் வைத்தியம் இல்ல, விளம்பரம்.”