ஏழடிப் பெட்டி

"காலைப் பிடிச்சு நேராக்கு பிள்ளை" என்றாள் மார்கிரட் மாமி.

றொசாந்தி அப்பாவின் முழங்கால்களை மெல்ல அழுத்தினாள். அப்பா செபமாலை மீன்பிடிக்கும் சின்ன வள்ளத்துக்குள் முடங்கிப் படுத்தே வாழ்நாளைக் கழித்தவர். செத்த பிறகும் கால்கள் நீள மறுத்தன. அன்று விடியப்புறம் கண் திறந்து, "வானம் எப்பிடி?" என்று கேட்டிருந்தார். "கறுத்துப் போச்சு அப்பா" என்றாள். "அப்ப நான் வெளிக்கிடுறன்" என்றார். அவ்வளவுதான். முகத்தில் இன்னும் அந்தக் குறும்பு இருந்தது.

அப்பாவின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். முற்றத்தில் அயல்வீட்டு லெனாட் அண்ணை அடித்துக்கொண்டிருந்த பெட்டியோ ஏழடி.

கடல் ஏறிப் பதினேழு வருடமாகிவிட்டது. குருநகர் தண்ணீருக்குள் போக, மிஞ்சியவர்கள் அரியாலைப் பக்கம் ஏறி வந்தார்கள். அங்கும் கிணறெல்லாம் உப்பு. களப்பென்னும் கடல்நீரேரியின் பாலத்துக்குக் கீழே கடல் உள்ளே வரும் வாய்களை அடைத்தால் போதும், மாரி மழை களப்பில் தேங்கிக் கிணறுகள் நன்னீராகிவிடும். தண்ணீர் கொண்டுவந்து விற்கும் கப்பல்காரர் அதற்கு விடுவார்களா? பாலத்தில் காவல் போட்டார்கள். பலகைத் துண்டோடு பிடிபட்டவன் வீடு திரும்பவில்லை. இந்த நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு நாளில், எல்லாரையும் கப்பலேற்றி ஊரைக் கைவிடுவதென்று பட்டியலும் ஒட்டிவிட்டார்கள்.

அவர்கள் மறிக்காதது ஒன்றே ஒன்று, சவப்பெட்டி. ஊரின் கல்லறைத் தோட்டமான சேமக்காலை பாலத்துக்கு அக்கரையில் இருந்தது.

திட்டம் அப்பாவுடையது. மற்ற வாய்களை அவரும் கூட்டாளிகளும் வருடக்கணக்காக இரவிரவாகக் கல்லை உருட்டி உருட்டி அடைத்திருந்தார்கள். நீரோட்டம் கல்லை அடித்துக்கொண்டு போகும் நடுவாய் மட்டும் பாக்கி. மூழ்கிய வீடுகளுக்குள் சுழியோடி ஆறு தடித்த பலகைகளை எடுத்து வந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்தார். "மழைக்கு முதல் நான் போனால் என்ரை பெட்டியை மண்ணுக்குக் குடுத்து வீணாக்காதையுங்கோ" என்று சொல்லியும் வைத்தார். பலகைகளின் நீளம் போலவே நடுவாயின் அகலமும் ஏழடி. அதை மூன்று தரம் அளந்தவர்கள், ஆளின் உயரத்தை ஒருதரமும் யோசிக்கவில்லை.

"உன்ரை அப்பா உதுக்குள்ளை ஓடிப் பிடிச்சு விளையாடலாம்" என்று லெனாட் தலையைச் சொறிந்தான்.

மாமி சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்தாள். "பாலத்துச் சென்றியிலை காவலுக்கு ஆர் நிக்கிறான்?"

"கனகரத்தினம்."

கனகரத்தினம் அப்பாவிடம் மீன் வாங்கியவன். அப்பாவின் உயரம் அவனுக்குத் தெரியும்.

"நீ வாய் திறக்காதை பிள்ளை. கேட்டானெண்டால் நான் ஒப்பாரி வைக்கிறன்" என்றாள் மாமி. சொல்லியிருக்கவே தேவையில்லை. றொசாந்தி அந்நியரிடம் வாய் திறந்ததை ஊரில் ஒருவரும் கண்டதில்லை.

பெட்டி புறப்பட்டது. முன்னால் நீக்கிலாப்பிள்ளை ஊதுகுழலில் கலியாணப் பாட்டொன்றை ஊதிக்கொண்டு போனான்.

"டேய், செத்தவீட்டிலை உதே ஊதுறது?" என்று மாமி அதட்டினாள்.

"எனக்கு உது ஒண்டுதான் தெரியும் அக்கா!"

பாலம் வருவதற்குள் எல்லாருடைய கால்களும் அந்தப் பாட்டுக்கு இசைந்துவிட்டன.

கனகரத்தினம் கையைக் காட்டி மறித்தான். பெட்டியின் தலையிலிருந்து கால்வரை நடந்தான். திரும்பவும் நடந்தான்.

"செபமாலை அண்ணை என்ரை தோளுக்கும் வரமாட்டார். உது ஏன் உவ்வளவு நீளம்?"

மாமி ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது. லெனாட் தன் கால் விரல்களைப் பார்த்தான். அப்போது ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று றொசாந்திக்குப் பிறகுதான் விளங்கியது.

"வள்ளத்துக்குள்ளை முடங்கி முடங்கியே படுத்தவர், அண்ணை. செத்தாப்பிறகாவது காலை நீட்டிப் படுக்கட்டுமே."

சொன்ன பிறகு அது பொய்யாக அவளுக்குத் தோன்றவில்லை.

கனகரத்தினம் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். இரண்டங்குலத் தடிப்பு அவன் விரல்களுக்குத் தெரிந்திருக்கும். கிழக்கே இடி உருண்டது. அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

"ஆள் சின்னன். பாரம்தான் பெரிசு" என்றான்.

அக்கரை வந்ததும் தோளைத் தடவிக்கொண்டே, "மழைக்கு முதல் வேலையை முடியுங்கோ" என்றான்.

"என்ன வேலை?" மாமியின் விக்கல் நின்றுவிட்டது.

"அடக்கம்தான் அக்கா. வேறை என்ன?"

திரும்பிப் போய் பாலத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். அதன் பிறகு ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

வள்ளத்தின் பாயில் சுற்றி அப்பாவை மணலில் அடக்கினார்கள். றொசாந்தி குழியைப் பார்த்தாள். அதையும் ஏழடிக்கு வெட்டியிருந்தார்கள். பாய்க்குள் அப்பாவின் கால்கள் எப்படியோ நேராகிவிட்டிருந்தன.

பிறகு பெட்டியைக் கழற்றினார்கள். ஐந்து பலகைகள் நடுவாயின் கல் வெட்டுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஆறாவது பாதியில் இறுகி நின்றது. லெனாட் சுத்தியலால் அடித்தான். அசையவில்லை.

"தள்ளு அங்காலை" என்று சேலையைச் செருகிக்கொண்டு மாமி பலகைமேல் ஏறி ஒரு துள்ளுத் துள்ளினாள். பலகை சடாரென்று இறங்க, மாமி களப்புக்குள் விழுந்தாள். நீக்கிலாப்பிள்ளை கலியாணப் பாட்டைத் திரும்பவும் எடுத்தான். முதல் துளிகள் விழுந்தன. சிரித்துச் சிரித்து றொசாந்திக்கு வயிறு நொந்தது. அழுகையும் அதற்குள்தான் எங்கோ இருந்தது.

"பலகை ஊறட்டும்" என்றான் லெனாட். "பிறகு எவனாலை பிடுங்கேலும்?"

நத்தாருக்குக் கப்பல் வந்தது. வாளி, குண்டான், கிடாரமெல்லாம் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த ஊர் கரையில் நின்று கை காட்டியது. ஒருவரும் ஏறவில்லை. கப்பல் போய்விட்டது.

அடுத்த மாரியும் கழிந்த ஒரு தை மாதக் காலையில், றொசாந்தி கிணற்றில் ஒரு வாளி அள்ளி, அப்பாவின் தேத்தண்ணிப் பேணியை நிரப்பிக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தாள். எங்கிருந்தோ ஒரு காகம் வந்து குந்தியது. பேணிக்குள் அலகை விட்டது. தலையைத் தூக்கி நின்றது. திரும்பவும் விட்டுக் குடித்தது.

அவள் அதைக் கலைக்கவில்லை. பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.