பதினாலு பேரும் போட்ட முதல் கட்டம்

கையில் தாளோடு வருகிற ஆளைச் சமுத்திரம் நம்புவதில்லை. அவர் வேலை பார்த்த மில்லை மூடியபோது கணக்கு முடிக்க வந்தவன் தாளோடுதான் வந்தான். வீட்டுக்குப் பின்னால் ரோடு போட இடம் அளக்க வந்தவனும் தாளோடுதான் வந்தான். அவருக்கு வயது அறுபத்தொன்று. இத்தனை வயதில் தாளோடு வந்தவன் எவனும் அவருக்கு நல்லது செய்துவிட்டுப் போனதில்லை.

ஆகவே கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து ஷெரின் என்ற பெண் ஒரு கட்டுத் தாளோடு வந்து இல்லத்துச் சாப்பாட்டு அறையில் நின்றபோது, அவர் சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது. ராஜபாளையத்தில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் இன்னொன்று. இரண்டும் ஒரே டிரஸ்ட். இரண்டுக்கும் சோலைராஜ் என்கிற ஒரே மேனேஜர். ராஜபாளையத்தில் வேலைக்கு இருப்பது பதினாலு பேர். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, இதுதான் வேலை. ஆண்கள் வார்டில் சமுத்திரத்துக்கு இது ஒன்பதாவது வருஷம்.

"உங்க வேலை உங்களுக்கு எவ்வளவு திருப்தியா இருக்குன்னு அளக்கத்தான் இந்தப் படிவம்" என்றாள் ஷெரின். "பேர் எழுத வேண்டாம். யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது."

சமுத்திரம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தாளைத் தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"தாயி, பேரு வேண்டாங்கிற. வயசு கேட்டிருக்க. எந்த வார்டுன்னு கேட்டிருக்க. எம்புட்டு வருசமா வேலைன்னு கேட்டிருக்க. ஆம்பள வார்டுல அறுபத்தோரு வயசுக் கெழவன் வேற எவன் இருக்கான்? இதுக்கு எம் போட்டோவையே ஒட்டிக் குடுத்துரலாம்ல?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துபோயிற்று. "சரிங்கய்யா, மேல உள்ளதை எழுத வேண்டாம். கீழ உள்ளது மட்டும் போதும்" என்றாள்.

தன்னோடு அதே வார்டில் வேலை செய்கிற மாரீஸ்வரன் பக்கத்தில் இருந்தான். சமுத்திரம் அவன் காதில் சொன்னார்: "கேட்ட ஒடனே விட்டுக்குடுக்குது பாத்தியா. அப்ப கீழதான் என்னமோ இருக்கு."

கீழே முப்பது வாக்கியம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராக ஐந்து கட்டம். முதல் கட்டம் 'இல்லவே இல்லை', ஐந்தாவது கட்டம் 'முழுக்க ஆமாம்'. பேனாவால் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த இல்லத்தில் ஒரு பழக்கம் உண்டு. வேலை எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. முன்னொரு காலத்தில் சின்னக்கருப்பன் என்று ஒருவன் வேலைக்கு இருந்தான். மேனேஜர் தோளைத் தட்டிக் கேட்டாரே என்று வாய் தவறி, "இந்த வார்டு லேசு சார்" என்று சொல்லிவிட்டான். மறுவாரமே பெண்கள் வார்டுச் சாப்பாட்டு வண்டி தள்ளுவதும் அவன் தலையில் விழுந்தது. அதற்கு அடுத்த வாரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுவது. மூன்றாவது மாதம் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தச் சொல்ல" என்பதுதான் பதினாலு பேருக்கும் பதில்.

ஷெரின் பேனா எடுத்துவர வெளியே போன நேரத்தில் சமுத்திரம் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. யோசிச்சு மண்டையை ஒடச்சுக்க வேண்டாம். மேல இருந்து கீழ வரைக்கும் மொதக் கட்டம்."

பெண்கள் வார்டு பாலம்மாள் தாளைத் தூக்கிக் காட்டினாள். "அண்ணே, கூட வேலை செய்றவுக நல்ல மாதிரியான்னு கேட்டிருக்கே. அதுக்குமா?"

"அதுக்கும் மொதக் கட்டம்தான்."

"அப்ப நீங்க நல்ல மாதிரி இல்லையா?"

"ஏத்தா, போடுன்னா போடு. அளந்து பாத்து நல்லா இருக்குன்னு தெரிஞ்சா ஆளைக் கொறைப்பானா, கூட்டுவானா?"

ஷெரின் பேனாவோடு வந்ததும் எல்லாரும் தாள்மேல் குனிந்துகொண்டார்கள். பத்தே நிமிஷத்தில் பதினாலு தாளும் திரும்பிவிட்டன. இவ்வளவு சீக்கிரமாக எந்த ஊரிலும் முடிந்ததில்லை என்று ஷெரின் சந்தோஷப்பட்டாள்.

மணி இரண்டு. சமுத்திரமும் மாரீஸ்வரனும் வார்டுக்குப் போனார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று கீழே விரித்த பெட்ஷீட்டைப் பிடித்துத்தான் ஒருவரைப் புரட்ட வேண்டும். மற்றவர்கள் ஒன்று இரண்டு மூன்று எண்ணித் தூக்குவார்கள். எண்ணினால் படுத்திருக்கிறவர் மூன்று வருகிறதே என்று பயந்து உடம்பை மரக்கட்டையாக விறைத்துக்கொள்வார். அவருக்கும் வலி, தூக்குகிறவனுக்கும் வலி. இவர்கள் இருவரும் எண்ணுவதே இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள்.

சேக் முகைதீன் பாய்க்கு அவருடைய மச்சான். பாய் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி யாவாரம் பார்த்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை.

"பாய், ஒங்க மச்சான் குடோன் சாவியைத் தூக்கிட்டுப் போனாரே, அது தெரியாம நடந்ததுதானாம்ல?" என்றார் சமுத்திரம்.

"யார்யா சொன்னது தெரியாமன்னு?" பாய் தலையைத் தூக்கினார். "அந்த ஹராம்..."

அந்தச் சொல் முடிவதற்குள் பாய் புரண்டு வலப்பக்கமாகப் படுத்திருந்தார். முதுகுக்குத் தலையணையும் கொடுத்தாயிற்று. தூக்கியதே தெரியாமல் அவர் இன்னும் மச்சானைத் திட்டிக்கொண்டிருந்தார். மாரீஸ்வரன் பவுடர் போட்டுக்கொண்டே, "விடாதீக பாய்" என்று எடுத்துக்கொடுத்தான்.

ஒரு மாதம் கழித்து அளந்த கணக்கு வந்தது. சோலைராஜ் எல்லாரையும் கூப்பிட்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. யார் எது எழுதிக் கொடுத்தாலும் அப்படியே நம்பிவிடுகிறவர்.

"பதினோரு இல்லத்துல அளந்திருக்காங்க. நம்ம இல்லம்தான் கடைசி. நீங்க இவ்வளவு மனவேதனையில இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்தார். "இனிமே யாரும் ஒரே வார்டுல கிடந்து கஷ்டப்பட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இங்கயுமா மாத்திவிடப் போறேன். சமுத்திரம் அண்ணாச்சி, நீங்கதான் மூத்தவர். நாளையிலேர்ந்து அங்க வாசல் மேசை உங்களுக்கு. உட்கார்ந்து பார்க்கிற வேலை. தூக்குற பாடு கிடையாது. ஒரு வாரம் பார்ப்போம். சரியா வந்துச்சுன்னா வெள்ளிக்கிழமை டிரஸ்ட் கூட்டத்துல அதையே நிரந்தரமாக்கிடலாம்."

சமுத்திரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் வார்டு வேலை பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லி மாட்டிக்கொள்ள அவர் என்ன சின்னக்கருப்பனா? தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

மாரீஸ்வரன் வாசல்வரை கூட வந்தான். "நல்லாப் போட்டீக அண்ணாச்சி மொதக் கட்டம்" என்றான்.

"வாயை மூடுலே."

ஸ்ரீவில்லிபுத்தூர் மேசைக்கு மேலே ஒரு ஃபேன் இருந்தது. நாற்காலியில் மெத்தை இருந்தது. வருகிறவர்கள், "வணக்கம் சார்" என்றார்கள். யாரைப் பார்க்க வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். நோட்டை வந்தவர்கள் பக்கமே திருப்பிவைத்து எழுதச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் கால் மரத்துப்போயிற்று. வார்டில் பத்துக் கட்டிலையும் சுற்றிவந்த நாளில்கூட அவருக்கு இப்படி அலுப்பு வந்ததில்லை.

மூன்றாம் நாள் உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தார். குருசாமி என்ற பழைய தபால்காரரை இரண்டு பேர் எண்ணிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மனுஷன் பல்லைக் கடித்துக் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். சமுத்திரத்தால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒருவனை விலக்கிவிட்டு பெட்ஷீட்டைப் பிடித்தார்.

"தபால்காரரே, வத்திராயிருப்புல ஒரு நாய் ஒங்களை சைக்கிளோட ஓடைக்குள்ள தள்ளுச்சாமே?"

இது அவர் சும்மா அடித்துவிட்டது. குருசாமி கம்பியை விட்டுவிட்டு, "நாயா? ஓடையா? எந்தப் பய சொன்னான்?" என்று வாயைத் திறந்தார். சமுத்திரம் தூக்கினார். எதிர்ப்பக்கம் தூக்கவில்லை. அந்த ஆள் பெட்ஷீட்டைப் பிடித்தபடி ஒன்று இரண்டு மூன்றுக்காகக் காத்திருந்தான்.

"எப்பத் தூக்கணும்னு சொல்லுங்க பெரியவரே" என்றான்.

சமுத்திரம் யோசித்துப் பார்த்தார். எப்போது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மாரீஸ்வரனும் அவரும் ஒருநாளும் அதைப் பேசிக்கொண்டதில்லை. ஒன்பது வருஷத்தில் எப்படியோ வந்துவிட்டது.

சாயங்காலம் மாரீஸ்வரன் போன் செய்தான். "அண்ணாச்சி, பாய் ரெண்டு நாளா ஒடம்பைக் குடுக்க மாட்டேங்காரு. புதுசா வந்தவன்கிட்ட மச்சான் பேச்சை எடுன்னு சொன்னேன். அவன் போயி, 'ஒங்க மச்சான் சௌக்கியமா இருக்காகளா'ன்னு கேட்டுட்டான்."

"பொறவு?"

"பொறவு என்ன, அழுதுட்டாரு. மச்சான் மவுத்தாயி, அடக்கம் பண்ணி ஆறு வருசமாச்சுல்ல. முதுகுல ஒரு எடத்துல செகப்பு வேற தட்டுது, புண்ணாகிருமோன்னு பயமா இருக்கு."



மறுநாள் வியாழக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்களையும் அளப்பதற்கு ஷெரின் வந்தாள். மேனேஜரும் வந்திருந்தார். அவர் அறைக்குள் போனதும் ஷெரின் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். யார் எழுதினதுன்னு நான் கேட்கல. ராஜபாளையத்துத் தாள்ல ஒண்ணு எனக்குப் பிடிபடல. 'இந்த வேலையை விட்டுப் போய்விடலாமா என்று அடிக்கடி தோன்றுகிறது', இப்படி ஒரு வரி இருக்கு. அதுக்கும் பதினாலு பேரும் முதல் கட்டம். முதல் கட்டம்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம். எதுவுமே சரியில்லைங்கிறீங்க. ஆனா ஒருத்தருக்குக்கூட போகணும்னு தோணலையாம். இது எப்படிங்கய்யா?"

சமுத்திரம் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். படிக்காமல் டிக் அடித்த முப்பதில் இந்த ஒன்று அவரை அறியாமலே சத்தியமாகிவிட்டிருந்தது.

சமுத்திரம் மேனேஜர் இருந்த அறையைப் பார்த்தார். இப்போது விட்டால் நாளைக்கு வெள்ளிக்கிழமை, டிரஸ்ட் கூட்டம். எழுந்து போய்க் கதவைத் தட்டாமலே திறந்தார்.

"சார், செத்த நேரம் வெளிய வாங்க. இந்தப் பாப்பா என்னைய இன்னொரு தடவை அளக்கட்டும். ஒங்களுக்கு முன்னாலயே."

சோலைராஜ் ஒன்றும் புரியாமல் வந்து நின்றார். ஷெரின், ரகசியமாகத்தான் கேட்க வேண்டும் என்று இழுத்தாள்.

"ரகசியத்தால வந்த வெனைதான் இது. நீ கேளு தாயி."

அவள் படிக்க ஆரம்பித்தாள். சம்பளம் போதுமா என்று வந்தது. "மொதக் கட்டம். அது அன்னைக்கும் நெசம், இன்னைக்கும் நெசம்." கையுறை, துணி எல்லாம் தேவைக்குக் கிடைக்கிறதா என்று வந்தது. "ரெண்டு. கையுறை மாசக் கடைசியில தீந்துபோகுது." மேலதிகாரி உங்கள் பேச்சைக் கேட்கிறாரா என்று வந்ததும் ஷெரின் நிறுத்தினாள்.

"மூணு" என்றார் சமுத்திரம், சோலைராஜைப் பார்த்துக்கொண்டே. "கேக்காரு. யாரு எழுதிக் குடுத்தாலும் கேக்காரு. நேர்ல வந்து பாத்தா நாலு போடலாம்."

சோலைராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கூட வேலை செய்பவர்கள்?"

"மாரிப்பய வாய் இருக்கே, அதுக்கு ஒண்ணு. கைக்கு அஞ்சு."

"இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது."

சமுத்திரம் மேசை விளிம்பைத் தடவினார். மில்லில் முப்பது வருஷம், இங்கே ஒன்பது வருஷம், பெண்டாட்டியிடம்கூட இந்தச் சொல்லை அவர் சொன்னதில்லை.

"புடிக்காமலா இருக்கேன்?" என்றார் கடைசியில். கோபப்படுகிற மாதிரிதான் வந்தது. "ஒரு மனுசனை வலிக்காமப் பொரட்டிப் போட்டுட்டா, அவன் மொகத்துல ஒரு தெளிச்சி வரும் பாரு. அதை ஒரு நாளைக்கு அம்பது தடவை பாக்கேன். பொறவு எப்படிப் புடிக்காமப் போகும்? நாந்தான் சார் எல்லாரையும் மொதக் கட்டம் போடச் சொன்னேன். அவுக மேல குத்தமில்ல. நல்லா இருக்குன்னு சொன்னா நீங்க மேல மேல வேலையை ஏத்துவீகன்னு பயம்."

"அப்போ இதுக்கு அஞ்சு போடட்டுமா ஐயா?" என்றாள் ஷெரின்.

"நாலு போடு. அஞ்சு போட்டா சார் இன்னும் ரெண்டு கட்டிலைக் கொண்டாந்து போட்டுருவாரு."

சோலைராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "கட்டில் கூட்ட மாட்டேன் அண்ணாச்சி. கையுறைக்கு இன்னைக்கே எழுதுறேன். நாளைக் கூட்டத்துல மாத்துற பேச்சை எடுக்க மாட்டேன். அந்தப் பதிமூணு பேரையும் இந்தம்மா மறுபடி கேட்கட்டும். நான் அந்தப் பக்கமே வரல. நீங்க திங்கக்கிழமை உங்க வார்டுக்குப் போயிருங்க."

"திங்கக்கிழமையா?" சமுத்திரம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐந்து. "ரெண்டு மணிக்கு அங்க ஆளைப் பொரட்டணும் சார்."

நோட்டை மூடி ஷெரின் கையில் கொடுத்தார். ஃபேனை அணைத்தார். பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் வண்டி புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் படியில் ஏறினார். கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்க மாரீஸ்வரனுக்குப் போன் போட்டார்.

"ஏலே, வந்துக்கிட்டு இருக்கேன். நான் வார வரைக்கும் எவனும் பாயைத் தொடக் கூடாது. அப்புறம் கேளு, மச்சான் பேச்சு இனி ஆகாது. பொரட்டும்போது பேச வேற ஆளு வேணும். அவரு மாமனார் எப்படி, சண்டை கிண்டை உண்டான்னு அவருகிட்ட மெதுவா விசாரிச்சு வையி."