பௌலோஸுக்கு எறும்பு வந்ததா?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதவென்று நான் உட்காரவில்லை. சங்கனாச்சேரியில் எங்கள் குடி, போதை உதவி எண்ணில் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. "அடுத்து எதுல பயிற்சி வேணும்?" என்று எல்லோரையும் கேட்டேன். புதிதாகச் சேர்ந்த லிஸ்ஸி சொன்னாள்: "போனை வச்சப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாமலே எப்படிச் சோறு தின்னறதுன்னு சொல்லிக் குடுங்க சார்."

எனக்கு அது தெரியாது. தெரியாததையெல்லாம் கதையாக எழுதிவிடுவது என் வழக்கம்.

2

முதல் வரி: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்..."

(அடித்துவிட்டேன். அம்பது நோன்பு சமயத்தில் இங்கே ஏது மழை? மண்டை பிளக்கும் வெயில்.)

இரண்டாவது முயற்சி: "மனித மனம் என்பது ஒரு..."

(சீ, போதும்.)

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய இந்த ஐம்பது நாள் நோன்பில் எங்கள் ஆட்கள் இறைச்சியோடு குடியையும் விடுவார்கள். முந்தின நாள் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, மறுநாள் ஒரே வெட்டாக நிறுத்துவது. பக்திதான், குறை சொல்லவில்லை. உடம்புக்கு அந்தப் பக்தி புரிய வேண்டுமே! கை நடுங்கும், இல்லாதது கண்ணில் தெரியும், வலிப்பு வந்தால் உயிரே போகும். நோன்பின் முதல் வாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த வாரம் பார்த்துப் பயிற்சி வைத்தது யார் புத்தி என்று கேட்காதீர்கள். என்னுடையதுதான்.

பயிற்சியில் நிஜ அழைப்பு போலவே ஒத்திகை பார்ப்போம்; அதில் குடிகாரராகப் பேசுகிறவர் பௌலோஸ், எங்கள் மூத்த ஆலோசகர். இருமல் மருந்தில்கூடச் சாராயம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துக் குடிக்கிற மனிதர். பக்கத்து அறையிலிருந்து போனில் அவர் உளறுகிற உளறலுக்குத் தெருநாய் பதில் குரைக்கும்.

3

மேசையில் இரண்டு போன். ஒன்று நிஜத்துக்கு, ஒன்று ஒத்திகைக்கு. இரண்டும் கறுப்பு. மணி அடித்தது, லிஸ்ஸி எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மோளே, நோன்பு பிடிச்சதிலேர்ந்து கை நிக்காம ஆடுது. சுவரு முழுக்க எறும்பு ஊருது. தட்டினா கையில ஒண்ணுமில்ல."

"பௌலோஸ் சேட்டா, எறும்பு போன தடவையே வந்தாச்சு. புதுசா ஒரு பாம்பாவது விடுங்க!"

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக:

"பௌலோஸா? அவனுக்கும் எறும்பு வந்துச்சா?"

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு பௌலோஸ் வந்தார். "நான் இன்னும் அடிக்கவே இல்ல, அதுக்குள்ள யாருகிட்ட பேசறீங்க?"

லிஸ்ஸியின் முகத்தில் ஈயாடவில்லை; அவள் எடுத்திருந்தது நிஜப் போன். போனில் அந்த ஆள் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நெனச்சேன் மோளே. அந்தப் பௌலோஸ்கிட்ட குடு. அவன்கிட்டதான் பேசுவேன்."

(இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர் என்ன பேசுவார்? வழக்கமான உளறலை அவிழ்த்துவிடுவாரோ என்று பயந்தேன்.)

பௌலோஸ் போனை வாங்கினார். நடிக்கவில்லை.

"ஆமா சேட்டா, வந்துச்சு. பயந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன், போயிடுச்சு. நீங்களும் இப்பவே போகணும்."

"ஊசி போட்டா நோன்பு முறியுமாடா?"

"ஊசிக்கெல்லாம் முறியாது. நீங்க விழுந்து செத்தா ஈஸ்டருக்கு அப்பமும் வாத்துக்கறியும் யாரு தின்னறது? வீட்டுல யாரு இருக்கா?"

"மருமக இருக்கா."

"அவகிட்ட போனைக் குடுங்க."

"மேரிக்குட்டியே..." என்று கூப்பிடுவது கேட்டது. அதோடு லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தோம். போன் அணைந்திருந்தது.

4

முடிவு ஒன்று: மேரிக்குட்டி ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்கு... (லிஸ்ஸி படித்துவிட்டு, "நீங்க கூடப் போனீங்களா?" என்றாள். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவர் தனியாக, தரையில்... (இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.)

முடிவு மூன்று: ஆலோசகர் பொய் சொல்லலாமா என்று ஒரு விவாதம். பௌலோஸிடம் கேட்டேன். "சொன்னது பொய்தான் சார். பயந்தது மட்டும் நிஜம்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

5

அந்த எறும்புக்காரர் உயிரோடிருந்தால் திரும்பக் கூப்பிடுவார், பௌலோஸைத்தான் கேட்பார். பௌலோஸ் என்ன, நாள் முழுக்க நாற்காலியோடு ஒட்டியா இருக்க முடியும்? மனிதர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தால்கூட லிஸ்ஸி முறைக்கிறாள். அதனால் இங்கே இப்போது நடக்கிற பயிற்சி ஒன்றுதான்: எல்லோரும் பௌலோஸாக இருக்கப் பழகுகிறோம். நான் இன்னும் தேறவில்லை.

நீங்கள் சும்மாதானே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இப்படி வந்து உட்காருங்கள். ஒத்திகைப் போனை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டேன். மேசையில் இருப்பது நிஜம். பௌலோஸ் கை கழுவப் போயிருக்கிறார். மணி அடித்தால் பௌலோஸாக எடுங்கள். "எறும்பு உனக்கு எப்பப் போச்சு?" என்று அந்த ஆள் கேட்பார்.

சொல்லுங்கள்.