நாட்டத்துக்கு ஓர் உதாரணம்

தெருவில் அவருக்கு அகராதிக்காரர் என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொல், பொருள், கூடவே ஓர் உதாரண வாக்கியம். அவர் தாளில் எழுதுவார். எதிர் மேசையில் உட்கார்ந்து மனைவி கம்ப்யூட்டரில் அடிப்பாள். அந்த வீட்டில் சொல்லுக்குப் பஞ்சமில்லை, நல்ல சொல்லுக்குத்தான் பஞ்சம்.

அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் போய்ச் சேர்ந்து, அடுப்பு மூட்ட ஆளில்லாமல் வீடு கிடந்த சமயத்தில் வந்தவள்.

அன்று 'ப்ரொபென்சிட்டி' வந்தது. நாட்டம்தான், ஆனால் பெரும்பாலும் கோணல் பக்கமாகச் சாயும் நாட்டம். உதாரணம்: 'எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் சுபாவம் அவளுக்கு உண்டு.'

"இது யாரு, நானா?"

"உதாரணம்னா யாரையாவது பாத்துத்தானே எழுதணும்? வானத்துலேர்ந்தா குதிக்கும்?" என்று சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அடித்துவைத்த பக்கங்களையெல்லாம் திரும்பப் புரட்டினாள். பிடிவாதம், சலிப்பு, கஞ்சத்தனம் எல்லாவற்றுக்கும் அவளேதான். ரசனை, கனிவு, ஆசை என்று வந்தால் மட்டும் மழையில் நனைகிறவள் வந்துவிடுகிறாள், பூனைக்குப் பெயர் வைக்கிறவள் வந்துவிடுகிறாள். இந்த வீட்டில் பூனைக்குப் பெயர் வைத்தவள் ஒருத்திதான். அவள் ஹாலில் படமாகத் தொங்குகிறாள். உயிரோடு இருப்பவள் என்றால் குடுமிப்பிடிச் சண்டையாவது போடலாம். செத்தவளோடு எப்படி மல்லுக்கட்டுவது?

"அக்காவுக்கு மட்டும்தான் நல்ல வார்த்தையெல்லாமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவ ரசனைக்காரி. அதுக்கு நான் என்ன பண்ண?"

"அப்ப எனக்குன்னு எதுவுமே பிடிக்காதா?"

"உனக்கா? எனக்கு எது பிடிக்குமோ அதுதானே உனக்கும்." பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

'பென்ஷன்ட்' என்ற சொல் மட்டும் உதாரணம் அமையாமல் காலியாகக் கிடந்தது. அதுவும் நாட்டம்தான், ஆனால் மனசு தானாகத் தேடிப் போகும் நாட்டம். அவள் அதைத் திரையில் காட்டினாள். "இதுக்கு என்னை வச்சு ஒண்ணே ஒண்ணு எழுதுங்க."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. அவர் பேனாவைக் கடித்தார். விட்டத்தைப் பார்த்தார். இருபதாயிரம் சொல்லுக்குப் பொருள் எழுதிய மனிதர் திருதிருவென்று விழித்தார்.

"நீயே ஏதாவது அடிச்சு வை. நான் வந்து பாத்துக்கறேன்" என்று குளிக்கப் போய்விட்டார்.

அவள் அடித்தாள்: 'வேலை எதுவும் இல்லாவிட்டாலும் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவதில் அவளுக்கு அலாதி விருப்பம்.'

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் படித்தார்.

"யாருடி இப்படி வேலைவெட்டி இல்லாம பஸ்ல சுத்துவா? உதாரணம்னா நம்புற மாதிரி இருக்க வேணாமா? இப்படி ஒருத்தி எங்கயாவது உண்டா?"

உண்டு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தன்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று இத்தனை வருஷமும் அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள், மடச்சி.

அவர் குனிந்து, மடமடவென்று ஒரு வரி எழுதி நீட்டினார். 'ஈரத் தலையோடு மாடியில் நின்று பாடுவதில் அவளுக்கு அலாதி விருப்பம்.'

"இதை அடி. படிச்சதும் ஆளு கண்ணு முன்னால வந்து நிக்கறா பாரு."

அவள் தன் வரியை அழித்துவிட்டு அதை அடித்தாள். அவர் சொன்னது சரிதான். ஆள் கண்முன்னால் வந்து நின்றாள்.